பூமிக்குள்ளே கேஸ் இருக்குன்னு எப்படித் தெரியும்? வழிகாட்டிய கான்ராட் ஷ்லம்பர்ஜே!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் சிஎன்ஜி ஆட்டோவில் வேலைக்குப் போறீங்களா? அந்த கேஸ் ஒரு காலத்தில் பாறையின் நுண்துளைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத அதைக் கண்டுபிடிக்க வழி திறந்தவர், ஒரு பிரெஞ்சு இயற்பியல் பேராசிரியர்.

யார் இவர்?

1878-ல் அல்சாஸ் பகுதியில், ஜவுளித் தொழில் குடும்பத்தில் பிறந்தார் கான்ராட். பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தினால், அது பரவும் விதம் பாறைக்குப் பாறை மாறும். அதை அளந்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்பது அவர் யோசனை. 1912-ல் நார்மண்டியில் சோதித்துப் பார்த்தார். முதல் உலகப் போர் வந்ததும் ஆராய்ச்சி நின்றுபோனது.

1919-ல் அப்பா பால் பணம் கொடுத்தார். ஆனா ஒரு நிபந்தனை: லாபத்தைவிட அறிவியலே முக்கியம். 1926-ல் தம்பி மார்செலுடன் நிறுவனம் தொடங்கினார் கான்ராட்.

திருப்புமுனை எது?

அப்போதெல்லாம் ஆழத்தில் என்ன இருக்குன்னு தெரிய, பாறை மாதிரியை வெட்டி மேலே எடுக்கணும். நேரமும் செலவும் அதிகம். 1927 செப்டம்பர் 5, பெஷெல்ப்ரோன் எண்ணெய் வயல். கான்ராடின் மருமகன் ஆன்ரி டோல் தலைமையிலான குழு, மின்முனைகளைக் கேபிளில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியது. படிப்படியாக மின்தடையை அளந்து, கையாலேயே கோடு வரைந்தது. உலகின் முதல் மின் 'வெல் லாக்' அதுதான்.

கேஸை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

உப்புத் தண்ணீர் நிறைந்த பாறையில் மின்தடை குறைவு. எண்ணெயோ கேஸோ இருந்தால் எகிறும். ரெண்டில் எது என்று சொல்ல, பின்னாளில் வந்த அடர்த்தி, நியூட்ரான் லாக்குகள் உதவுகின்றன. கேஸ் லேசானது, அதில் ஹைட்ரஜன் செறிவும் குறைவு. அதனால் பாறையின் துளை அளவை அடர்த்தி லாக் கூட்டியும், நியூட்ரான் லாக் குறைத்தும் காட்டும். இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டி விலகும் இடம், கேஸ் மண்டலத்தின் முக்கிய அடையாளம். இதைக் கவனிக்காமல் விட்டால், கேஸ் உள்ள கிணற்றையே வெறும் கிணறு என்று மூடிவிட நேரும்.

பிறகு?

1936-ல் சோவியத் பயணம் முடிந்து திரும்பும் வழியில், ஸ்டாக்ஹோமில் கான்ராட் இறந்தார். வயது 57. தம்பி மார்செல் பணியைத் தொடர்ந்தார். நம்ம காவிரிப் படுகை உட்பட உலகின் எண்ணெய், எரிவாயு வயல்களில் கிணறு தோண்டினால், லாக் எடுக்காமல் அடுத்த முடிவு எடுப்பதில்லை.