முகமூடி போட்டால் கோழையா? ஐஸ் ஹாக்கியையே மாற்றிய கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் கதை!

1959-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும், கனடாவின் மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் தொடங்கி சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த பந்து நேராக மாண்ட்ரியல் கோல்கீப்பரின் முகத்தில் பாய்ந்தது. பனித்தரை முழுக்க ரத்தம். மூக்கு உடைந்து, முகம் கிழிந்த அந்த மனிதரைத் தாங்கிப் பிடித்து மருத்துவ அறைக்கு அழைத்துச் சென்றார்கள்.

சுமார் 20 நிமிடம் ஆட்டம் நின்றது. தையல் போட்டு முடித்து அவர் திரும்பி வந்தபோது முகத்தில் வெளிறிய நிறத்தில் ஒரு முகமூடி இருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை. பார்க்கவே ஒரு மாதிரி இருந்த அந்த முகமூடிதான் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்களின் தலையெழுத்தை மாற்றியது.

அவர் பெயர் ஜாக் பிளான்ட்.

யார் இந்த ஜாக் பிளான்ட்?

கனடாவில் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தில், 1929 ஜனவரி 17-ம் தேதி பிறந்தவர் பிளான்ட். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். இவர்தான் மூத்தவர். அப்பா அலுமினியத் தொழிற்சாலைத் தொழிலாளி. வளர்ந்தது ஷாவினிகன் என்ற ஆலை நகரத்தில். வறுமையான குடும்பம். அம்மாவிடம் பின்னல் வேலை கற்றுக்கொண்ட பிளான்ட், தனக்கான கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிக்கொண்டார். பெரிய நட்சத்திரமான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் ஆஸ்துமா. பனியில் சறுக்கிக்கொண்டே வெகுநேரம் ஓடினால் மூச்சு வாங்கும். அதனால் ஒரே இடத்தில் நின்று ஆடும் கோல்கீப்பர் வேலைக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்து உடைந்த கை சரியாகக் கூடாமல் போனது இன்னொரு சிக்கல். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் பதின்ம வயதிலேயே தொழிற்சாலை அணிக்காக ஆடி, ஆட்டத்துக்கு 50 சென்ட் சம்பாதித்தார்.

பிறகு சிறிய அணிகளில் ஆடி மேலே வந்தார். மாண்ட்ரியல் அணிக்கு வந்தபோது பயிற்சியாளர் டிக் இர்வினுக்கு அந்தக் கம்பளித் தொப்பி பிடிக்கவில்லை. ஆட்டத்தில் அதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தலையில் என்ன போடுவது என்பதில் பிளான்ட்டுக்கும் அணிக்கும் நடந்த முதல் மோதல் அது. அந்த முறை பிளான்ட் விட்டுக்கொடுத்தார்.

1953 பிளே-ஆஃப் சுற்றில் சிகாகோ அணியிடம் 2-3 என மாண்ட்ரியல் பின்தங்கியிருந்தது. இன்னொரு தோல்வி என்றால் வெளியேற வேண்டியதுதான். அந்த நேரத்தில் வழக்கமான கோல்கீப்பர் ஜெர்ரி மெக்நீலுக்குப் பதிலாக பிளான்ட் இறக்கப்பட்டார். ஒரு கோல்கூட விடவில்லை. அடுத்த ஆட்டத்திலும் வெற்றி. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை மாண்ட்ரியலுக்கே வந்தது.

கோலை விட்டு வெளியே வந்த கோல்கீப்பர்

அதுவரை கோல்கீப்பர் என்றால் வலைக்கு முன்னால் நிற்க வேண்டும், வருவதைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிளான்ட் அந்த வழக்கத்தை உடைத்தார். வலையை விட்டு வெளியே வந்து, அதன் பின்பக்கம் போகும் பந்தை நிறுத்தித் தன் அணி வீரருக்குத் தட்டிவிடுவார். தடுப்பு வீரர்களுக்குச் சத்தமாகக் குரல் கொடுத்து வழிநடத்துவார். 'ஐசிங்' விதிமீறல் வரப்போகிறது என்றால் கையை உயர்த்திக் காட்டுவார். இன்று எந்த ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்தாலும் கோல்கீப்பர்கள் சாதாரணமாகச் செய்யும் வேலைகள் இவை. அன்றைக்கு இதைப் பார்த்த ரசிகர்களுக்குப் பகீரென்று இருந்தது.

இன்னொரு சம்பவமும் உண்டு. சில ஊர் அரங்கங்களில் கோல் கம்பத்தின் உயரம் சரியில்லை என்று பிளான்ட் அடித்துச் சொன்னார். குறுக்குக் கம்பி தன் முதுகில் படும் இடம் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதுதான் அவரது ஆதாரம். பலரும் சிரித்தார்கள். அளந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது!

1956 முதல் 1960 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் மாண்ட்ரியல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. இன்றுவரை வேறு எந்த அணியும் இந்தச் சாதனையைச் செய்யவில்லை. அந்த 5 ஆண்டுகளும் சிறந்த கோல்கீப்பிங்குக்கான வெசினா கோப்பை பிளான்ட்டுக்குத்தான்.

முகத்தை மூடாமல் நின்றது ஏன்?

ஐஸ் ஹாக்கியில் 'பந்து' என்று நாம் சொல்வது உண்மையில் உருண்டையாக இருக்காது. பெயர் பக். கெட்டி ரப்பரில் செய்த தட்டையான வட்டு அது. 3 அங்குல விட்டம், 1 அங்குல தடிமன், சுமார் 170 கிராம் எடை. ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து இன்னும் கெட்டியாக்குவார்கள். வேகமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும்.

இதை வெறும் முகத்தோடு எதிர்கொள்வதுதான் அன்றைய வழக்கம். கோல்கீப்பர்களின் காலுக்குத் தடிமனான பட்டைகள் உண்டு, கைக்கு உறை உண்டு, மார்புக்குக் கவசம் உண்டு. முகத்துக்கு மட்டும் எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் முகமூடியைத் தடை செய்யும் விதி எதுவும் இல்லை. 1930-லேயே மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட் மூக்கு உடைந்த பிறகு தோலில் செய்த முகமூடியைச் சில ஆட்டங்களில் போட்டுப் பார்த்தார். பார்வையை மறைக்கிறது என்று விட்டுவிட்டார். அதன்பிறகு சுமார் 30 ஆண்டுகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

காரணங்கள் இரண்டு. காலடியில் வரும் பக்கைப் பார்க்க முடியாமல் போகும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று ஆண்மை பற்றிய எண்ணம். முகத்தை மூடுகிறவன் பயந்தவன், பயந்தவன் கோலைக் காக்க மாட்டான் என்று பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் நினைத்தார்கள். லீக்கில் அன்று இருந்ததே 6 அணிகள்தான். அணிக்கு ஒரு கோல்கீப்பர். ஆக மொத்தம் ஆறே வேலைகள். கீழே சிறிய லீக்குகளில் அந்த இடத்துக்காக எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும். முகத்தைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முகமூடி எப்படி உருவானது?

பயிற்சியின்போது சக வீரர்கள் அடித்த பக்கிலேயே பிளான்ட்டின் கன்ன எலும்பு உடைந்திருக்கிறது. அதனால் பயிற்சியில் மட்டும் பிளாஸ்டிக் முகமூடி போட ஆரம்பித்தார். ஆட்டத்தில் போட பயிற்சியாளர் டோ பிளேக் அனுமதிக்கவில்லை.

1958-ல் ஓர் ஆட்டத்தில் பிளான்ட்டின் நெற்றியில் பக் அடித்ததை ரசிகர்களில் ஒருவராக உட்கார்ந்து பார்த்தார் பில் பர்ச்மோர். கண்ணாடியிழை தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். முகத்தின் வடிவத்துக்கே அச்சாகப் பொருந்தும்படி கண்ணாடியிழையில் கவசம் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. பிளான்ட்டைத் தொடர்புகொண்டார்.

செய்முறை இதுதான். முதலில் பிளான்ட்டின் முகத்தில் மாவுக்கட்டு போடுவதுபோல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார்கள். மூச்சு விடுவதற்குக் குழாய்கள். அந்த அச்சின் மேல் கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி இறுகவைத்தார்கள். எடை குறைவு, உறுதி அதிகம். முகத்தோடு ஒட்டியிருப்பதால் பார்வையும் பெரிதாக மறையாது. 1959-ல் முகமூடி தயார். ஆனா பயிற்சியாளரின் மனசு மட்டும் மாறவில்லை.

மருத்துவ அறையில் நடந்த பேரம்

இப்போது மீண்டும் நவம்பர் 1-க்கு வருவோம். அன்று பாத்கேட் அடித்தது தற்செயலானது அல்ல. ஆட்டத்தில் பிளான்ட் தன்னைத் தடுக்கி விழவைத்த கோபத்தில், வேண்டுமென்றேதான் முகத்தைக் குறிவைத்ததாகப் பின்னாளில் பாத்கேட்டே ஒப்புக்கொண்டார்.

தையல் போட்டுக்கொண்டிருந்த பிளான்ட்டிடம் திரும்பி வர முடியுமா என்று பிளேக் கேட்டார். முகமூடி போட்டால்தான் வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்று பிளான்ட் உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அணிகள் மாற்று கோல்கீப்பரை அழைத்து வரும் வழக்கம் கிடையாது. அவசரத்துக்கு உள்ளூர் அரங்கில் இருக்கும் அமெச்சூர் ஒருவரைத்தான் இறக்க வேண்டும். பிளேக்குக்கு வேற வழியில்லை. காயம் ஆறும் வரை மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

அன்று மாண்ட்ரியல் 3-1 என வென்றது. அடுத்தடுத்த ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் கோல்கீப்பரிடம் முகமூடியைக் கழற்று என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சொன்னார்கள். 1960 மார்ச்சில் டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பிளேக் கேட்டுக்கொண்டதற்காக ஒரே ஒருமுறை பிளான்ட் வெறும் முகத்தோடு இறங்கினார். மாண்ட்ரியல் 0-3 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் முகமூடி திரும்ப வந்தது. அதன்பிறகு அதைக் கழற்றச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அந்த ஆண்டும் கோப்பை மாண்ட்ரியலுக்கே.

தூக்கியெறியப்பட்டார்... திரும்பி வந்தார்

1962-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை பிளான்ட்டுக்குக் கிடைத்தது. அடுத்து ஒரு கோல்கீப்பருக்கு அந்த விருது கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் களத்துக்கு வெளியே பிளான்ட் எளிதாகப் பழகக்கூடியவர் இல்லை. தனிமை விரும்பி. ஆஸ்துமாவைக் காரணம் காட்டி டொராண்டோ போகும்போது அணியோடு தங்காமல் வேறு ஹோட்டலில் தங்குவார். அவர் உடம்பு சொல்வதெல்லாம் நிஜமா, சாக்குப்போக்கா என்று பிளேக்குக்குச் சந்தேகம். உறவு கசந்தது. 1963-ல் பிளான்ட்டை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டது மாண்ட்ரியல். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் கோல்கீப்பர் கம்ப் வொர்ஸ்லி. முகமூடியே வேண்டாம் என்று கடைசி சீசன் வரை பிடிவாதமாக இருந்தவர் அவர்!

நியூயார்க்கில் சரிவு. 1965-ல் ஓய்வு. எல்லாரும் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மாண்ட்ரியலின் ஜூனியர் அணிக்காக, பலம் வாய்ந்த சோவியத் தேசிய அணிக்கு எதிராகக் களமிறங்கினார். 2-1 என வெற்றி. 1968-ல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி அவரை அழைத்தது. 40 வயதில், கிளென் ஹாலுடன் சேர்ந்து 7-வது முறையாக வெசினா கோப்பையை வென்றார்.

1970 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று. பாஸ்டன் வீரர் அடித்த பக் திசைமாறி பிளான்ட்டின் நெற்றியில் மோதியது. முகமூடி உடைந்தது. மயங்கி விழுந்தார். முகமூடி மட்டும் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று பிளான்ட் நம்பினார். அந்தப் பொருளுக்காக 11 ஆண்டுகளுக்கு முன் அவர் பேரம் பேச வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதோடும் நிற்கவில்லை. டொராண்டோ அணிக்குப் போய், 42 வயதில் லீக்கிலேயே குறைந்த கோல் சராசரியோடு அந்த சீசனை முடித்தார்.

எதிரணிக்கே பாடம்

1972-ல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய புகழ்பெற்ற தொடர். முதல் ஆட்டத்துக்கு முன் சோவியத் அணியின் அறைக்குள் மொழிபெயர்ப்பாளரோடு நுழைந்தார் பிளான்ட். 20 வயது கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் திரெத்தியாக்கிடம், எந்தக் கனடா வீரர் எப்படி அடிப்பார், எங்கே நின்று தடுக்க வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினார். கனடா நட்சத்திரங்களிடம் அந்தச் சின்னப் பையன் சிக்கிச் சின்னாபின்னமாகிவிடக் கூடாது என்ற பரிவுதான் காரணம் என்கிறார்கள். அன்று சோவியத் அணி 7-3 என ஜெயித்து கனடாவையே அதிரவைத்தது!

அதே ஆண்டு கோல்கீப்பிங் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். சொந்தமாக முகமூடி தயாரிக்கும் நிறுவனம் நடத்தினார். 1975-ல் எட்மண்டன் அணியோடு ஆட்டம் முழுமையாக முடிந்தது. 1978-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் குடியேறிய அவர், வயிற்றுப் புற்றுநோயால் 1986 பிப்ரவரி 27-ம் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 57.

மாண்ட்ரியல் அணி 1995-ல் அவரது 1-ம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது. அந்த எண்ணை அங்கே இனி யாரும் அணிய முடியாது.

அந்த முகமூடி விட்டுச் சென்றது என்ன?

1974-ல் ஆண்டி பிரவுன் என்ற வீரர் முகமூடி இல்லாமல் ஆடினார். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் வெறும் முகத்தோடு நின்ற கடைசி கோல்கீப்பர் அவர்தான். அதாவது, கோழைத்தனம் என்று பேசப்பட்ட ஒன்று 15 ஆண்டுகளுக்குள் கட்டாயத் தேவையாக மாறிவிட்டது. கிரிக்கெட்டில் பேட்டர்கள் ஹெல்மெட் போடத் தொடங்கியதே 1970-களின் இறுதியில்தான். அங்கேயும் இதே கிண்டல்தான் எழுந்தது.

முகமூடி வந்ததால் பிளான்ட்டின் ஆட்டம் மோசமாகவில்லை. பயமில்லாமல் பக்கின் பாதையில் முகத்தைக் கொண்டுபோக முடிந்தது. பார்வை மறையும், தைரியம் குறையும் என்று அதுவரை சொல்லிவந்த எல்லாவற்றுக்கும் அந்த சீசனின் முடிவுகளே பதிலாக இருந்தன. இன்று ஏதோ ஓர் ஊரில் முதல்முறையாக கோலுக்கு முன் நிற்கும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ, பயிற்சியாளர் முதலில் மாட்டிவிடுவது முகமூடியைத்தான். அதற்காக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.