குமிழிகளை எண்ணிய மேதை

பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரில்லாச் செடியைப் புனலின் கீழ் வைத்து, எழும் குமிழிகளை எண்ணியிருக்கிறோம். நிழலில் வைத்தால் அவை குறையும். நீரில் சிறிது சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் கூடும். ஆனால் குமிழிகள் ஒரே அளவாக இரா. நம் கண்ணும் தவறும். இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30 அன்று வங்கத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைக் குரு லாஃபோன் இவருக்கு இயற்பியலில் ஆர்வமூட்டினார். 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியரை விடக் குறைந்த ஊதியம் தரப்பட்டதால், மூன்று ஆண்டுகள் அதைத் தொடாமலே பாடம் நடத்தினார். இறுதியில் அரசு பணிந்து, நிலுவை முழுவதையும் வழங்கியது.

1917இல் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். இலை வெளியிடும் ஆக்ஸிஜனைச் சம அளவுக் குமிழிகளாக்கி, ஒவ்வொன்றையும் தானே பதிவு செய்யும் கருவியை அமைத்தார். ஒளி, கரியமில வாயு, வெப்பம் ஆகியவை மாறும்போது ஒளிச்சேர்க்கையின் வேகமும் மாறுவதை அளந்து, 1924இல் நூலாக வெளியிட்டார். கோடைக்கால ஹைட்ரில்லா மட்டும் குளிர்காலச் செடியோடு ஒத்துவரவில்லை. அவர் அதை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து, அச்செடி மாலிக் அமிலத்தைப் பயன்படுத்துவதைக் கண்டார். அதன் பொருளை உலகம் உணரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் அவர் மறைந்தார்.

கீழ்பென்னாத்தூர் மாணவியராகிய நாமும் குமிழிகளைப் பொறுமையுடன் எண்ணுவோம். நம் கணக்கு பாடநூலோடு ஒத்துவராவிட்டால், அதை அழித்துத் திருத்தாமல், கண்டதைக் கண்டபடியே எழுதுவோம்.