ஹென்றி பிளான்போர்டு

கடலூருக்கு மேற்கே கேப்பர் மலை என வழங்கும் செம்மேடு ஒன்றுண்டு. மலை என்பது சற்று மிகையே. ஆயினும், தெற்கே சிதம்பரம் வரையில் வெள்ளாறும் கொள்ளிடமும் கொணர்ந்த வண்டல் நிலத்தையே கண்டு வளர்ந்தோர்க்கு அதுவும் மலையாகவே தோன்றும். அம்மேட்டின் சிவந்த கல்லை நிலநூலார் கடலூர் மணற்கல் என்பர். அப்பெயரை இட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1834-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஆங்குள்ள சுரங்கக் கல்லூரியிற் பயின்று, தமையனார் வில்லியத்துடன் 1855-இல் இந்திய நில ஆராய்ச்சித் துறையில் அமர்ந்தார். மறு ஆண்டு ஒரிசாவின் தால்சேரிற் கண்ட பெருங்குண்டுக் கற்களைக் கொணர்ந்தது பனிக்கட்டியே என்று உடன்பிறந்தார் கூறினர். வெயில் கொளுத்தும் நாட்டிற் பனியா என ஐயுற்றோர் பலர். பின்னர் அவ்வுண்மை நிலைபெற்றது.

1857 முதல் பிளான்போர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறைகளை ஆராயலானார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவற்றை மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். உழவர் காலிலிடறும் சுருள் ஓடுகள் கடலுயிர்களின் எச்சங்களே. இன்று சோளம் விளையும் அந்நிலத்தில் ஒரு காலத்தே அலை புரண்டது. அவ்வுயிர்களுள் நாட்டிலசு முதலியவற்றைப்பற்றி அவரே 1861-இல் நூலொன்று வெளியிட்டார். திருவக்கரையில் இன்று வேலியிட்டுக் காக்கப்பெறும் கல்மரங்கள் கடலூர் மணற்கல்லைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அக்கல்லின் கீழேயே கிடந்தது. அவர் காலத்தில் அது வெளிப்படவில்லை.

வெயிலில் அலைந்து உடல்நலங் குன்றவே, 1862-இல் துறையை விட்டுக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். 1864-இல் அந்நகரைப் பெரும்புயல் தாக்கிற்று. அதனை ஆராயப் புகுந்தவரின் கருத்து, கல்லினின்றும் காற்றின்பாற் சென்றது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபொழுது அதன் தலைவரானார். மறு ஆண்டே மழை பொய்த்தது. சென்னை மாகாணத்திற் கொடும்பஞ்சம் புகுந்து, 1878-க்குள் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

மழை பொய்ப்பதை முன்னரே அறியக் கூடுமோ என்று அரசாங்கத்தார் அவரை வினவினர். இமயத்திற் பனி மிகுந்து நெடிது கிடப்பின் தென்மேற்குப் பருவமழை குன்றும் என 1884-இல் அவர் எழுதினார். 1886 முதல் அதனைக் கொண்டு முறையாக முன்னறிவிப்பும் வெளியிட்டார். அவரைப் போற்றுவோர் பெரும்பாலும் இதனையே கூறுவர். எனினும், கடலூரும் சிதம்பரமும் பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. அம்மழையைக் குறித்து இமயப் பனி அவருக்கு ஒன்றும் உணர்த்தவில்லை. தாம் நடந்து பெயரிட்ட நிலத்தின் உழவர்க்கு அவ்வறிவிப்பு அத்துணைப் பயன்பட்டிராது.

1889-இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 1893 ஜனவரியில், இங்கிலாந்தின் கடற்கரை ஊராகிய போக்ஸ்டனில், தம் 58-ஆம் வயதிற் காலமானார்.