பாட்டில்லாப் படம் தந்த வீணைக் கலைஞர்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து இக்கல்லூரியில் பயிலும் கொல்லிமலை மாணவன் நான். சென்ற மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ‘அந்த நாள்’ என்னும் பழைய திரைப்படத்தை அலைபேசியில் முதன்முறையாகப் பார்த்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதைப் படைத்தவர் யாரென்று தேடினேன்.

அவர்தான் எஸ். பாலசந்தர். 1927 ஜனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். சிறுவனாகவே கஞ்சிரா வாசித்து மேடையேறினார். 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் தோன்றினார். பல வாத்தியங்களைப் பழகியவர், குருவின்றியே வீணையையும் கற்றுத் தேர்ந்தார். 1948இல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடமேற்றார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தை இயக்கினார்.

ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகக் கூறும் ‘ராஷோமான்’ என்னும் ஜப்பானியப் படம் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. அவ்வுத்தியில் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் உருவாக்கிய ‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13இல் வெளிவந்தது. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசியதை அடுத்து, ரேடியோ பொறியாளர் ஒருவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அவராக நடித்தவர் சிவாஜி கணேசன். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி என ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகின்றனர். ஒவ்வொரு முறையும் நான் நம்பினேன். ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். கொலையாளி யாரென்று கூறி, பார்க்காதவர்களின் சுவையைக் கெடுக்கமாட்டேன்.

இசையே மூச்சாக வாழ்ந்தவர், பாடலோ நடனமோ இன்றி ஒரு படம் எடுத்தார்! பாட்டை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் ஏமாற்றமடைந்தனர், வசூல் இல்லை. ஆயினும் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அவரும் தளரவில்லை. ‘அவனா இவன்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ என மர்மப் படங்களைத் தொடர்ந்து தந்தார். பின்னர் வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரல் 13இல் பிலாயில் மறைந்தார். ‘அந்த நாள்’ வெளியான அதே தேதி!

எனக்கு உறக்கம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு முந்திய வாரம், எங்கள் களத்தில் காயவைத்திருந்த மிளகில் ஒரு மூட்டை காணாமற்போயிற்று. கூலிக்கு வரும் அண்ணன் ஒருவர்தான் எடுத்திருப்பார் என்று உறவினர் ஒருவர் கூறினார். நானும் நம்பி, நாலு பேர் முன்னிலையில் அதைச் சொல்லிவிட்டேன். அந்த அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது, படம் முடிந்தபோதுதான் உறைத்தது. மறுநாள் காலை அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. மூட்டை இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஒரே பள்ளத்தாக்கு வேறுவேறாகத் தெரியும். மேலே சென்றால்தான் முழுவதும் புலப்படும். கண்ணால் காண்பதே பொய்யாகலாம் என்றால், காதால் கேட்பதை எப்படி நம்புவது? நாற்பதாண்டுகட்கு முன் மறைந்த கலைஞர் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடம் இது என்று எழுத இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் பாடம் பழையதாகவில்லை.