ஸர் பிரெடரிக் பான்டிங்

இளமை இன்பப் பருவம் என்பர். ஆயினும் நீரிழிவு நோய் சிறுவர்களைப் பற்றினால், ஒரு காலத்தில் அவர்தம் பெற்றோர் நம்பிக்கையை இழந்து நின்றனர். அந்நிலையை மாற்றிய பெரியாரின் சரிதம் மாணவர் அனைவரும் அறியத்தக்கதாம்.

பான்டிங் கானடா தேசத்து அலிஸ்டன் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பிறந்தார். சமயப் போதகராக எண்ணி டொராண்டோ சர்வகலாசாலையிற் சேர்ந்தவர், விரைவில் வைத்தியக் கல்விக்கு மாறினார். 1918-ல் போர்க்களத்தில் தாம் காயமுற்றிருந்தும் பிற வீரருக்குச் சிகிச்சை செய்தார்.

போருக்குப் பின் அவரிடம் நோயாளிகள் மிகுதியாக வரவில்லை. 1920 அக்டோபரில் ஓரிரவு, கணையத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தவருக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. மறு ஆண்டு மக்லியாட் பேராசிரியரின் ஆராய்ச்சிச் சாலையில், பெஸ்ட் என்னும் இளைஞருடன் உழைத்துக் கணையத்தினின்று இன்சுலினைப் பிரித்தெடுத்தார்.

1922 ஜனவரி 11-ஆம் நாள், 65 ராத்தலே எடையுள்ள லியோனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. முதன்முறை பயன் தரவில்லை. காலிப் என்பவர் அதனைத் தூய்மை செய்தபின், 23-ஆம் நாள் மீண்டும் ஏற்றவே சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

11 வயதில் நோயுற்று, பட்டினிக்கு ஒப்பான உணவால் மெலிந்து 45 ராத்தலாகியிருந்த எலிஸபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, அவ்வாண்டு ஆகஸ்டில் பான்டிங்கிடம் வந்தாள். மருந்தைத் தானே ஊசியால் ஏற்றக் கற்றாள். 1981 வரை வாழ்ந்தாள்.

1923-ல் மக்லியாடுடன் நோபெல் பரிசு பெற்ற பான்டிங், தம் பங்கிற் பாதியைப் பெஸ்டுக்கு அளித்தார். இன்சுலினின் உரிமை டொராண்டோ சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலருக்கே கொடுக்கப்பட்டது. 1941-ல் விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார்.

இன்சுலின் நோயை வேரறுப்பதன்று. நாள்தோறும் துணை நிற்பது. வளரும் பருவத்தில் உடல் மாறுந்தோறும் மருந்தின் அளவும் வைத்தியர் சொற்படி மாறவேண்டும். சிதம்பரத்தில் திருவாதிரைக் களி கிண்ணத்தில் வரும்போதும், கடலூர்க் கடற்கரையில் தோழருடன் ஓடி விளையாடும்போதும் அளவறிந்து நடத்தல் வேண்டும். வெட்கத்தால் ஊசியை மறைத்து ஒருவேளை தவிர்ப்பது பேராபத்து. விளையாட்டில் வியர்த்து நடுங்கும் தோழனுக்குச் சர்க்கரை தரவேண்டுமென அறிந்த நண்பன் ஓர் உயிரைக் காப்பான்.

பான்டிங் பிறந்த நாளே உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளுமாம். இப்பொருத்தத்தை நினைந்து, நோயுற்ற தோழரை விலக்காது உடன் அழைத்துச் செல்வோமாக.