கொடுமுடி கோகிலமும் என் ஐந்து இசைத்தட்டுகளும்

உலகத்திலேயே கஷ்டமான வேலை எது என்று என்னைக் கேட்டால், எரிந்து போன மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் இல்லை, அரியர் இல்லாமல் கணக்குப் பேப்பரைத் தாண்டுவதும் இல்லை. பிடித்த பாடகரின் பாட்டுகளில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு என்றால், அதுதான் கஷ்டம்!

வெளிநாட்டு ராக் இசைக் குழுக்களின் ரசிகர்களுக்கு இது ஒரு நல்ல பொழுதுபோக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழு 1962ல் லண்டனில் ஆரம்பித்து 2023லும் புது ஆல்பம் வெளியிட்டது. இந்த அறுபது வருஷத்தில் எது நல்ல ஆல்பம் என்று தாத்தாவும் பேரனும் சண்டை போடலாம். எங்கள் பெண்கள் விடுதியிலும் ஒருநாள் அந்தச் சண்டை வந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நான் கே.பி. சுந்தராம்பாள் என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு விடியக்காலையில் மைக் செட்டில் போடுகிற பாட்டுதானே என்றார்கள். ஆமாம், அதேதான். ஆனால் நமக்குக் குழாயில் கேட்பது அவருடைய கடைசிக் காலத்துக் குரல் மட்டுமே. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வாழ்க்கை இருக்கிறது. ஐந்து இசைத்தட்டுகளை எடுத்து வைத்து அந்த வாழ்க்கையைச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

நம்ம நாமக்கல் மாவட்டத்துக்கும் ஈரோடு மாவட்டத்துக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. அந்தக் கரையில் இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலும், ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகிற ரயில் பாதையும் உள்ள ஊர். அங்கே 1908ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிறந்தவர் சுந்தராம்பாள். அம்மா பெயர் பாலாம்பாள். கே என்றால் கொடுமுடி, பி என்றால் பாலாம்பாள். அந்தக் காலத்திலேயே அம்மாவின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு உலகம் அறிய வாழ்ந்தவர் அவர்!

வீட்டில் வறுமை. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். அப்படி ஒருநாள் பாடும்போது எஃப்.ஜி. நடேச ஐயர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அவர் ரயில்வே அதிகாரி, நாடகப் பைத்தியம், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை உண்டாக்கியவர். அவர் மூலமாக வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் சுந்தராம்பாள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மேடையில் ஆண் வேஷம், பெண் வேஷம் இரண்டும் கட்டினார். குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் குரல்தான்.

முதல் தட்டு, கிட்டப்பாவோடு பாடிய காலத்தது. கம்பெனி இலங்கைக்குப் போயிருந்தபோது, 1926ல், செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார். கிட்டப்பா நாடக உலகத்தின் சூப்பர் ஸ்டார். இவர் வள்ளி, அவர் முருகன் என்று வள்ளி திருமணம் நடந்தால் ஊரே திரண்டு வந்தது. மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள்.

இங்கே நம்ம துறை சம்பந்தமாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாடகக் கொட்டகைகளில் மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வெறும் தொண்டையால் வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஆர்மோனியத்தில் உச்சக் கட்டையில் சுருதி வைத்துப் பாடினார்கள். நம் காது 2000லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் நன்றாக வாங்கும். தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடுகிற குரலுக்கு அந்த இடத்தில் பலம் அதிகம். நம்ம ஊர்க் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ்ஸ்தாயி வராது, ஆனால் இந்தப் பகுதி கணீரென்று வரும். மற்ற பாட்டெல்லாம் குழாயில் கூழாகிப் போகும்போது, இந்த அம்மா பாட்டு மட்டும் அடுத்த ஊர் வரை தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லீங்க!

இசைத்தட்டு வந்ததும் அந்தக் குரல் கொட்டகையை விட்டு வீடு வீடாகப் போனது. அரக்கில் செய்த தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். ராத்திரி முழுக்க விரித்துப் பாடியவர்கள் மூணு நிமிஷத்துக்குள் ஒரு பாட்டை அடக்க வேண்டும். அந்த அவசரமும் துள்ளலும் அந்தத் தட்டுகளில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஔவைப் பாட்டி இல்லை இது. இருபது வயதுப் பெண்ணின் குரல். யூடியூபில் தேடிக் கேட்டுப் பாருங்க, இரைச்சலுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்பது தெரியும்.

இரண்டாவது, காந்தியைப் பற்றிப் பாடிய தட்டு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர் கட்டியவர்கள். சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார் சுந்தராம்பாள். பேப்பர் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அரசியலைக் கொண்டு போனது இந்த மாதிரிப் பாட்டும் தட்டும்தான். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் என் அம்மா, பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சேதி சொன்ன இந்தத் தட்டை என்னால் விட முடியவில்லை.

அப்புறம் வந்தது 1933 டிசம்பர். கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது இருபத்தேழு, இவருக்கு இருபத்தைந்து. இறப்பதற்கு முன்பே இருவருக்கும் நடுவில் மனஸ்தாபமும் பிரிவும் இருந்தது. ஆனாலும் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார், நகையைக் கழற்றினார், மேடையை விட்டுக் கொடுமுடிக்குத் திரும்பினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவரை நாம் மறந்திருப்போம். முடியவில்லை!

என் மூன்றாவது தட்டு நந்தனார், 1935. அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் தேடி வந்து நடிக்கக் கேட்டார். வேண்டாம் என்று சொல்வதற்காகவே யாரும் கொடுக்க முடியாத ஒரு தொகையைக் கேட்டார் சுந்தராம்பாள்: ஒரு லட்சம் ரூபாய். அவரோ சரி என்று சொல்லிவிட்டார்! அந்தக் காலத்தில் அவ்வளவு சம்பளத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. படத்தில் அவர் ஏற்றது நந்தன் என்ற ஆண் வேஷம். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை, எடுத்த முடிவும் கெடவில்லை. சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். சேரியில் பிறந்த நந்தனுக்கு ஒரு பெண்ணின் குரல்!

ஐந்தில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான். பாட்டுக்காக மட்டும் இல்லை, அந்த முடிவுக்காக. ஏன் என்று சொல்கிறேன். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார், லாரி டிரைவர். அம்மா வயது அப்போது முப்பத்து மூன்று. நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது, ராத்திரி ஷிப்ட் போகக்கூடாது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள். அம்மா தறிப்பட்டறைக்குப் போனார்கள். ஆறு மாசம் கழித்து, பக்கத்துத் தறியில் ஓட்டுகிற ஆம்பளைக்கு என்ன கூலியோ அதே கூலி தனக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்ட உடனே கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கிடைத்தது. அந்தக் கூலிதான் எனக்கு டிப்ளமோ ஃபீஸ். வெள்ளைப் புடவையோடு நின்று தன் விலையைத் தானே சொன்ன கொடுமுடி அம்மாவின் கதையைப் படித்தபோது, இவங்களை எனக்கு முன்னாடியே தெரியுமே என்று தோன்றியது.

நான்காவது ஔவையார், 1953. ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த பிரம்மாண்டமான படம். யானைக் கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பாக இருக்கும். ஆனால் யானைகளைத் தாண்டி நிற்பது கோலூன்றி நடக்கும் ஒரு பாட்டிதான். சுந்தராம்பாளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. தமிழ்நாட்டில் ஔவை என்றால் அவர் முகம்தான் என்று ஆகிவிட்டது என்றால் மிகையில்லை. அதற்கு முன்பே, 1951ல், சென்னை மாகாண மேல்சபை உறுப்பினர் ஆகிவிட்டார். ரயிலில் பாடிய சிறுமி எம்.எல்.சி.!

ஒன்றைக் கவனியுங்கள். நந்தனார், ஔவையார், 1964ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1973ல் காரைக்கால் அம்மையார். எல்லாமே துறவி, அடியார், பாட்டி. அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டில் சினிமா அவருக்குக் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான். நடித்த படங்களும் ஒரு டஜன் போலத்தான். ஒரு செண்டு நிலத்தில் மாடி மேல் மாடி கட்டுவது போல, கிடைத்த சின்ன இடத்தில் அவ்வளவு உயரம் கட்டினார்.

ஐந்தாவது, எல்லோருக்கும் தெரிந்தது: திருவிளையாடல், 1965. மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவை சமாதானம் செய்யும் பாட்டு. மைக் செட் பாட்டு என்று நண்பிகள் சொன்னது இதைத்தான். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. படத்தின் டைரக்டர் ஏ.பி. நாகராஜன் நம்ம சங்ககிரி பக்கம் அக்கம்மாப்பேட்டைக்காரர், சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். படத்தில் மற்ற பாட்டுகளைக் கண்ணதாசன் எழுத, இந்தப் பாட்டு மட்டும் நாடக உலகின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. சுவாமிகள் இறந்தது 1922ல்; சுந்தராம்பாள் அப்போது பதினாலு வயதுச் சிறுமி. வள்ளி திருமணம் நாடகம் எழுதியவரும் அதே சுவாமிகள்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, மைக் இல்லாத கொட்டகையின் பாட்டு மைக் உள்ள கோயிலுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து சேர்த்தவர் இந்த அம்மா. ஆக, என் ஐந்தாவது தட்டைத் திருப்பினால் அதற்குள் முதல் தட்டு இருக்கிறது!

துணைவனை விட்டுவிட்டாயே என்று சிலர் கோபிக்கலாம். 1969ல் வந்த அந்தப் படத்துக்குத்தான் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது, அறுபது வயதில்! அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. பூம்புகாரை விட்டதிலும் எனக்கே வருத்தம்தான். ஐந்து என்றால் ஐந்து, என்ன செய்ய? உங்கள் பட்டியலில் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியிலேயே ஒரு சினிமா தியேட்டர் கட்டினார். 1980 செப்டம்பரில் காலமானார். கிட்டப்பா போய் நாற்பத்தாறு வருஷம் அதே வெள்ளைப் புடவை.

இந்த அம்மாவைச் சாமி ஆக்கிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். கும்பிட்டுவிட்டால் கேட்க வேண்டியதில்லை அல்லவா? எனக்கு அவர் சாமி இல்லை, உழைப்பாளி. தொழிலைக் கற்றார். அழுதார். திரும்பி வந்தார். என்ன வேலை செய்வேன், எதைச் செய்ய மாட்டேன், அதற்கு என்ன சம்பளம் என்று மூன்றையும் தானே சொன்னார். அடுத்த மாதம் முதல் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகப் போகிறோம், நண்பர்களே. எதிர்பார்க்கும் சம்பளம் என்ன என்று கேட்டால், நீங்க குடுக்கிறதைக் குடுங்க சார் என்று சொல்வதுதான் முதல் தலைமுறையாகப் படிக்கிற நம்ம வழக்கம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தொகையைச் சொல்லிப் பார்ப்போமே. குரல் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி!

- மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை