வேதாகமம் கற்பித்த கோவூர்

முல்லைத்தீவுக் கடல்நீரில் விளக்கெரித்து வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலிடும் மக்களிடையே ஆபிரகாம் கோவூரை நினைவுகூர்வது சிலருக்கு உவப்பளிக்காதிருக்கலாம். ஆயினும் நாம் நினைவுகூர்கிறோம்.

1898 இல் கேரளத்தின் திருவல்லாவில், மார்த்தோமா திருச்சபைக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவனை அறிந்து வளர்ந்தவருக்கு, கல்கத்தாவில் கற்ற தாவரவியல் வேறொரு வரலாற்றைக் காட்டியது. உயிரினங்கள் நெடுங்காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரிந்து வந்தவை என்பதே அது. 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கு வேதாகமமும் கற்பிக்க நேர்ந்தது. மாணவர் அனைவரும் சித்தியெய்தினர். மறுஆண்டோ அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. சித்தியெய்திய பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதே அதிபர் கண்ட குறையாம்!

1959 இல் ஓய்வுபெற்றபின் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவினார், எவரும் வெல்லவில்லை. பக்தியைப் பந்தயத்தால் அளப்பதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் ஏழைகளை ஏய்த்த போலிச் சாமியார்கள் அவருக்கு அஞ்சினர் என்பதை மறுப்பதற்கில்லை.

1978 இல் கொழும்பில் மறைந்தார். ஈமச்சடங்கு கூடாது, கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவருக்கு, எலும்புக்கூடு தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு என முன்னரே எழுதிவைத்திருந்தார்.